விலைக்கு வந்த வெட்கம்: அழகு வணிகத்தின் வரலாறும் ஆயர் பணியும்

உடலை அணிசெய்வது பற்றித் திருச்சபை எழுத்திலும் அருளுரையிலும் பேசத் தொடங்கி ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. இந்நெடுங்காலத்தில் அது பெரும்பாலும் சொல்லிவந்தது ஒன்றே. ஒப்பனை பெருமையின் அடையாளம். பெருமை பாவங்களுக்கெல்லாம் வேர். ஆதலால் விசுவாசி ஒப்பனையை விலக்க வேண்டும். வாலிபர் கூடுகைகளிலும் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களிலும் இவ்வறிவுரை இன்றும் ஒலிக்கிறது.

ஆயினும், ஆலோசனை நாடி ஆயரிடம் வருவோரின் நிலை வேறாக உள்ளது. தன் நிறத்தைச் சுட்டி மணப்பேச்சு முறிந்துபோன பெண், முகப்பருவின் பொருட்டுக் கல்லூரிக்குச் செல்ல மறுக்கும் மாணவன், உடல் பருத்துவிடும் என்றஞ்சி உணவை மறைத்தெறியும் சிறுமி, தலைமுடி உதிர்வதால் பிறர் முன் வரக் கூசும் இளைஞன் ஆகியோரைப் பெருமை பிடித்தவர்கள் என்று எவரும் கூறார். அவர்களை வாட்டுவது வெட்கம். பெருமைக்குரிய மருந்தை வெட்கத்துக்குக் கொடுத்தால் நோய் தணியாது, மேலும் பெருகும். ஏற்கெனவே தன்னை இழிவாக எண்ணுகிறவளிடம் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும்படி கூறுவதால் விளையும் பயன் என்ன?

வெட்கம் அனைத்துமே தீதன்று. திருவள்ளுவர் நாணுடைமை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போதே, தகாத செயலைக் குறித்து வரும் நாணம் வேறு, பிற காரணங்களால் வரும் நாணம் வேறு எனப் பிரித்துக் காட்டுகிறார். செய்த செயலுக்காக வெட்குவது மனச்சான்றின் பணி. பெற்ற உடலுக்காக வெட்குவது மனச்சான்று கற்பித்ததன்று. அது புறத்தேயிருந்து புகுத்தப்பட்டது. யார் புகுத்தினர், எக்காலத்தில், எவ்வழியில், என்ன ஊதியம் கருதி என்ற வினாக்களுக்கு வரலாற்றில் விடை உண்டு. அவ்விடையைத் தேடி, ஆயர் பணிக்கு அதனால் விளையும் பயனைக் காண்பதே நம் நோக்கம்.

1. தந்தையர் கண்ட தீமை

கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டிப் பெண்களின் அணிகலன் பற்றி இரு நூல்கள் எழுதினார். கடவுள் விரும்பியிருந்தால் ஊதா நிறத்திலும் வான்நிறத்திலும் ஆடுகளைப் படைத்திருப்பார். அவர் படைக்காத நிறத்தை மனிதன் சாயமேற்றிப் பெறுவது படைப்பில் குறை காண்பதாகும் என்பது அவருடைய வாதம். அதே நகரின் பேராயராக இருந்து 258இல் இரத்தசாட்சியாக மரித்த சிப்பிரியான், கன்னியரின் உடை பற்றிய நூலில் இவ்வாதத்தை மேலும் வளர்த்தார். முகத்தையும் கூந்தலையும் சாயத்தால் மாற்றிக்கொள்வோரை உயிர்த்தெழுதலின் நாளில் படைத்தவரே அடையாளம் காணாமற் போகலாம் என அவர் எச்சரித்தார். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து ஆண்களையும் விட்டுவைக்கவில்லை. உடல் மயிரைக் களைவதும் நரையை மறைப்பதும் ஆண்மைக்கு இழுக்கு எனக் கண்டித்தார்.

இவர்களை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. செல்வமுடைய கன்னியர் தம் செல்வத்தை ஏழைகள் உணரும்படி செய்ய வேண்டும் என்று சிப்பிரியான் வற்புறுத்துகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் யோவான் வெஸ்லி உடை பற்றிய தம் அருளுரையில் இதையே எடுத்துரைத்தார். விலையுயர்ந்த ஆடைக்குச் செலவிடும் பணம் ஆடையற்ற ஏழைக்கு உரியது என்பது அவருடைய துணிபு. ஆடம்பரத்தை நீதியின் பிரச்சினையாகக் கண்ட இம்மரபு போற்றத்தக்கது.

எனினும் இம்மரபில் இரண்டு குறைகள் உள. முதலாவது, இவர்கள் கண்முன் நிறுத்தியது பொன்னும் பட்டும் அணிந்த செல்வச் சீமாட்டியை. அணிய ஒன்றுமில்லாதவளும், தன் உடலைக் கண்டு அஞ்சுகிறவளும் அவர்கள் பார்வைக்குள் வரவில்லை. இரண்டாவது, குற்றம் முழுவதையும் அணிகிறவள்மீதே சுமத்தினர். தெர்த்துல்லியன் ஒவ்வொரு பெண்ணையும் ஏவாளின் குற்றத்தைச் சுமப்பவளாகவே விளித்துப் பேசுகிறார். அவளை அளவிட்டு நோக்கிய கண்களும், அவளுக்குப் பொருளை விற்ற கைகளும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

இக்குறையின் இறையியல் வேரை 1960இல் அமெரிக்க இறையியலாளர் வேலரி சேவிங் சுட்டிக்காட்டினார். ரைனோல்ட் நீபூர் முதலிய பேரறிஞர்கள் பாவத்தின் சாரத்தைப் பெருமை எனவும் தன்னை உயர்த்துதல் எனவும் விளக்கியது ஆணின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டது; பெண்ணுக்கு நேரும் ஆபத்தோ பெரும்பாலும் தன்னை இழந்துவிடுவது, தனக்கென ஒரு மையம் இல்லாது பிறர் பார்வையில் சிதறிப்போவது என்று அவர் வாதிட்டார். இக்கருத்தை முற்றும் ஏற்கிறோமோ இல்லையோ, பாவம் பற்றிய நம் போதனை எல்லார்க்கும் ஒரே அளவில் தைத்த ஆடையாக இருத்தல் கூடாது என்பதை மறுக்க இயலாது.

2. உடலின் மானம்: நம் நாட்டு அனுபவம் இரண்டு

உடலின் தோற்றத்தைப் பொருட்படுத்துவது எப்போதும் பெருமையின் செயல் என்பதைப் பொய்ப்பிக்கும் சான்றுகள் நம் திருச்சபை வரலாற்றிலேயே உள்ளன. அவற்றுள் இரண்டை இங்கு நினைவுகூர்வோம்.

முதலாவது தென் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டம். சாதி வழக்கத்தின்படி நாடார் பெண்கள் மேல்சாதியார் முன்னிலையில் மார்பை மூடுதல் தடுக்கப்பட்டிருந்தது. இலண்டன் மிஷனரி சங்கத்தின் பணியால் கிறிஸ்தவர்களான பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியபோது 1820களிலும், மீண்டும் 1858-59இலும் கலகங்கள் மூண்டன. பெண்கள் தெருவில் தாக்கப்பட்டனர். ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெல்யனின் வற்புறுத்தலுக்குப் பின், 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசர் பிறப்பித்த அறிக்கை அப்பெண்களுக்கு மார்பை மூடும் உரிமையை வழங்கியது. அப்போதும், மேல்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்ற வரம்பு அதில் இருந்தது.

அப்பெண்கள் உடைக்காகப் போராடியது வீண்பெருமையினாலா? சமுதாயம் அவர்கள் உடலின்மேல் வெட்கத்தைச் சட்டமாக எழுதியிருந்தது. அவ்வெட்கத்தை ஏற்க மறுத்ததே அவர்களது விசுவாச அறிக்கையாயிற்று. தெர்த்துல்லியனின் அளவுகோலைக் கொண்டு அவர்களை அளக்க முடியாது.

இரண்டாவது சான்று வேலூரிலிருந்து வருவது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்தார். ஆனால் கை இயங்கத் தொடங்கிய பின்னும் பலருக்கு வேலை கிடைக்கவில்லை. உதிர்ந்த புருவமும் அமிழ்ந்த மூக்கும் நோயின் முத்திரையாக முகத்தில் நின்றன. ஆகவே அவரும் உடன்பணியாளரும் மூக்கைச் சீரமைக்கவும், தலையின் தோலைக்கொண்டு புருவம் அமைக்கவும் முற்பட்டனர். நோய் கிருமியால் வந்தது. புறக்கணிப்போ பிறர் பார்வையால் வந்தது. இரண்டிற்கும் மருத்துவம் செய்தலே முழுமையான குணமாக்குதல் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். தொழுநோயாளியைக் குணமாக்கும்முன் அவரைத் தொட்ட ஆண்டவரின் செயலோடு (மாற்கு 1:41) இது இசைந்து நிற்கிறது.

ஆகவே தோற்றம் ஒரு பொருட்டன்று எனக் கூறி நகர்ந்துவிடுவது நற்செய்தியின் வழி அன்று. தோற்றத்தின் பேரால் மானம் பறிக்கப்படும் இடத்தில் அதனை மீட்டுக்கொடுப்பது திருச்சபையின் பணியாக இருந்திருக்கிறது. இனி நாம் காணவிருக்கும் வணிகமோ இப்பணியின் சாயலைப் பூண்டு இதற்கு நேர்மாறானதைச் செய்வது.

3. வெட்கம் சரக்கானது

நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் தம் முகத்தை நாள்தோறும் தெளிவாகக் கண்டவர்கள் அல்லர். 1835இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் கண்ணாடிக்கு வெள்ளி பூசும் முறையைக் கண்டறிந்தார். அதன்பின் நல்ல முகக்கண்ணாடி மெல்ல மெல்ல எளியோர் வீட்டுக்கும் வந்தது. தொடர்ந்து புகைப்படமும், படங்கள் நிறைந்த வார இதழ்களும், திரைப்படமும் வந்தன. தன் முகத்தைப் பிற முகங்களோடு ஒப்பிடும் வாய்ப்பு முன்னொரு காலத்திலும் இல்லாத அளவு பெருகிற்று. இவ்வாய்ப்பைப் பணமாக்கும் கலையை 1920களில் அமெரிக்க விளம்பரத் துறை கற்றுக்கொண்டது.

லிஸ்டரின் என்னும் திரவத்தின் கதை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1879இல் அறுவை மருத்துவத்துக்குரிய கிருமிநாசினியாக உருவாக்கப்பட்டு, அத்துறையின் முன்னோடியான ஜோசப் லிஸ்டரின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1920களில் அதே திரவம் வாய் நாற்றத்தைப் போக்கும் மருந்தாக விளம்பரம் செய்யப்பட்டது. அதற்கென, மக்கள் பேச்சில் அரிதாயிருந்த 'ஹாலிடோசிஸ்' என்ற மருத்துவச் சொல் எடுத்தாளப்பட்டது. தோழியரெல்லாம் மணமாகிச் சென்ற பின்னும் தனித்து நிற்கும் இளம்பெண் ஒருத்தியை விளம்பரம் காட்டும். அவளுடைய குறையை எல்லாரும் அறிவர். அவள் மட்டும் அறியாள். நெருங்கிய தோழியும் சொல்லமாட்டாள். அந்நிறுவனம் பொருளை விற்குமுன் ஐயத்தை விதைத்தது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

இம்முறையை இறையியல் மாணாக்கர் கூர்ந்து நோக்க வேண்டும். முதலில் குற்றம் உணர்த்தப்படுகிறது. பின்னர், காணாத கண்கள் எப்போதும் நியாயந்தீர்க்கின்றன என்ற அச்சம் எழுப்பப்படுகிறது. அடுத்து, குறையை ஒப்புக்கொள்ளும்படி அழைப்பு வருகிறது. இறுதியில் விடுதலை வாக்களிக்கப்படுகிறது. மீட்பின் ஒழுங்கென நாம் கற்பிக்கும் படிகள் யாவும் இங்கு உள்ளன. கிருபை மட்டும் இல்லை. இவ்விடுதலை விலைக்கு வருவது. புட்டி தீர்ந்ததும் தீர்ந்துபோவது. ஒருமுறை மன்னிக்கப்பட்டவர் மீண்டும் வாங்கவரார் ஆதலால், நிலையான மன்னிப்பை அளிக்க இவ்வணிகத்தால் இயலாது.

இக்கலைக்கு மனநூலும் துணைபோயிற்று. ஜான் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ஜான் வாட்சன், ஒரு வயதும் நிறையாத குழந்தைக்கு வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் பேரொலி எழுப்பி அதன் உள்ளத்தில் அச்சத்தைப் பதித்த சோதனையால் அறியப்பட்டவர். 1920இல் பல்கலைக்கழகத்தை விட்டு விலக நேர்ந்த அவர், அவ்வாண்டே நியூயார்க்கில் ஜே. வால்ட்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதன் துணைத்தலைவரானார். அச்சத்தைப் பதிக்கலாம் என்று ஆய்வுக்கூடத்தில் கண்டவர் அவ்வறிவை அங்காடிக்குக் கொண்டுசென்றார்.

அதே 1920இல் ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்க ஆயர் கடும் மனநோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நலமடைந்த பின் அவர் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையின் சிற்றாலய ஆயராகி, 1925இல் இறையியல் மாணவர் சிலரை அழைத்துவந்து நோயாளிகளுடன் பழகிக் கற்கச் செய்தார். நூல்களை வாசிப்பது போலவே துன்புறும் மனிதரையும் பொறுமையோடு வாசித்துப் பழக வேண்டும் என்பது அவருடைய போதனை. இன்று பல நாடுகளில் இறையியல் மாணவர் பெறும் மருத்துவமனை ஆயர்பணிப் பயிற்சி அங்கிருந்து வளர்ந்ததே. மனித மனத்தின் நலிவை அறிந்த இருவருள் ஒருவர் அதனை விற்பனைக்குப் பயன்படுத்தினார். மற்றவர் அதனுடன் அமர்ந்திருந்தார். ஆயர் எவ்வழியைச் சார்ந்தவர் என்பதில் ஐயமில்லை.

4. நிறத்தின் விலை

வாய் நாற்றத்தைப் போக்கலாம். பிறந்த நிறத்தைப் போக்க இயலாது. ஆகவே தீராத வெட்கத்தைத் தேடும் வணிகத்துக்கு நிறத்தைவிட ஏற்ற விளைநிலம் இல்லை. நம் நாட்டில் நிற வேற்றுமை வணிகர் படைத்ததன்று. சாதியும் அயலாட்சியும் அதனை முன்னரே ஊன்றியிருந்தன. தமிழில் வெளிர்நிறத்தைச் சிவப்பு என்று புகழ்ந்து, மணமகள் தேவை விளம்பரங்களில் அதனைக் கேட்டுப் பெறும் வழக்கத்தை நாம் அறிவோம். 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்டு லவ்லி என்ற சிவப்பழகு கிரீமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய இழிவுக்கு அப்போது ஒரு புதிய விலைச்சீட்டு ஒட்டப்பட்டது. கறுத்த பெண்ணுக்கு வரனில்லை, வேலையில்லை. கிரீம் பூசியபின் இரண்டும் கிட்டின என்பதே அதன் விளம்பரக் கதைகளின் போக்கு. 2005இல் இமாமி நிறுவனம் ஆண்களுக்கென ஒன்றைக் கொண்டுவந்தபோது இவ்வெட்கத்தில் ஆணுக்கும் பங்கு கிடைத்தது.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. 2009இல் சென்னையில் விமன் ஆஃப் வொர்த் என்ற அமைப்பு, கறுமை அழகே எனப் பொருள்படும் பெயரோடு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதற்குத் துணைநின்றார். 2014இல் இந்திய விளம்பரத் தர மன்றம், கறுத்தவரை மகிழ்ச்சியற்றவராகவோ மணத்துக்கும் வேலைக்கும் தகாதவராகவோ காட்டலாகாது என விதி வகுத்தது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதையடுத்து உலகெங்கும் நிறவெறிக்கு எதிராக எழுந்த குரலுக்குப் பின், அக்கிரீமின் பெயர் குளோ அண்டு லவ்லி என மாற்றப்பட்டது. பெயரிலிருந்து வெண்மை நீங்கிற்று. கிரீம் கடையிலேயே நிற்கிறது.

இவ்விடத்தில் திருச்சபையின் நாவையும் சோதித்துப் பார்த்தல் நன்று. 1866இல் இலண்டனில் ஸ்பர்ஜன் தம் அருளுரையொன்றில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்று தாள்கள் மட்டும் கொண்ட எழுத்தில்லாப் புத்தகத்தை விளக்கினார். 1875இல் மூடி பொன்னிறத் தாளைச் சேர்த்தார். பின்னர் அது சிறுவர் ஊழியத்தின் கருவியாகி உலகெங்கும் பரவியது. கறுப்புத் தாள் பாவத்தைக் குறிக்கும். வீட்டில் கறுப்பி என்று அழைக்கப்பட்டு வளரும் சிறுமி விடுமுறை வேதாகமப் பள்ளியில் அத்தாளைக் காணும்போது அவள் உள்ளத்தில் பதிவது எதுவாக இருக்கும்? ஏசாயா 1:18இல் பாவத்துக்குக் கூறப்படும் நிறம் கருமை அன்று, செந்நிறமே. நம் வழக்கில் அழகின் பெயராக வழங்கும் சிவப்பு அங்குப் பாவத்தின் நிறமாக நிற்கிறது!

உன்னதப்பாட்டு 1:5இலும் இத்தகைய செய்தியொன்று உண்டு. தலைவி தன் கருமையையும் அழகையும் அடுத்தடுத்துக் கூறுகிறாள். அவ்விரண்டையும் எபிரேயத்தில் இணைப்பது 'வாவ்' என்னும் எழுத்து. அதனை 'உம்' எனவும் கொள்ளலாம், 'ஆனாலும்' எனவும் கொள்ளலாம். கிரேக்கச் செப்துவஜிந்து 'காய்' என்று மொழிபெயர்த்து, கருமையையும் அழகையும் உடன்வைத்தது. எரோனிமுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பு 'செத்' என்று கூறி, ஒன்றை மற்றொன்றுக்கு எதிராக நிறுத்தியது. நம் பழைய தமிழ்த் திருப்புதலும் கருமை இருந்தும் அழகு உண்டு என்னும் பொருள்படவே அமைந்துள்ளது. அடுத்த வசனத்தில் வெயிலைக் காரணம் காட்டித் தன்னை உற்றுநோக்க வேண்டாம் என அவள் கேட்பதால், இருவகைப் பொருளுக்கும் இடமுண்டு. ஆயினும் ஓர் இணைப்புச்சொல்லை மொழிபெயர்ப்பதில்கூட மொழிபெயர்ப்பாளர் காலத்தின் பார்வை நுழையக்கூடும் என்பதை அருளுரை ஆயத்தம் செய்வோர் மறவாதிருப்பார்களாக.

5. பிஜித் தீவுகள் தரும் சான்று

வெட்கம் புறத்தேயிருந்து புகுத்தப்படுகிறது என்றோம். இதற்குச் சான்று உண்டா எனச் சிலர் வினவலாம். பசிபிக் பெருங்கடலின் பிஜித் தீவுகளில் அத்தகைய சான்று கிடைத்தது. 1835இல் மெதடிஸ்டு மிஷனரிகள் சென்றிறங்கிய அத்தீவுகளின் தொல்குடி மக்கள், உரமும் பருமனும் உள்ள உடலையே நலத்தின் அடையாளமாகப் போற்றியவர்கள். நன்றாக உண்ணச் செய்வதே விருந்தோம்பல். ஒருவர் மெலிந்தால் உற்றார் கவலைகொள்வர்.

1995இல் அங்கு நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆன் பெக்கர், தொலைக்காட்சி வந்த தொடக்கத்தில் 63 பள்ளிச் சிறுமியரையும், 1998இல் அதே வயதுடைய வேறு 65 சிறுமியரையும் ஆராய்ந்தார். உணவு பற்றிய மனப்பான்மையில் கவலைக்குரிய அளவை எட்டியோர் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். எடையைக் குறைக்கத் தாமே வாந்தி எடுப்போர் 1995இல் ஒருவரும் இலர், 1998இல் 11.3 விழுக்காட்டினர். ஆராயப்பட்டோர் சிலரே என்பதையும், அக்காலத்தில் வேறு மாறுதல்களும் நேர்ந்திருக்கலாம் என்பதையும் நாம் கருத்திற்கொள்ள வேண்டும். ஆனால் சிறுமியரே தாம் தொலைக்காட்சியில் கண்ட பெண்களைப்போல் மெலிய விரும்பியதாக ஆய்வாளரிடம் கூறினர். ஒரு தலைமுறை தன் உடலைக் குறித்து வெட்கப்படக் கற்றுக்கொள்ள மூன்றாண்டுகள் போதுமாயின.

இன்று அப்பணியைத் தொலைபேசித் திரை செய்கிறது. அங்கு ஒப்பிடப்படுவது நடிகையின் முகம் மட்டுமன்று. திருத்தம் செய்யப்பட்ட தன் முகமும், பக்கத்துப் பெஞ்சில் அமரும் தோழியின் முகமும் ஒப்பிடப்படுகின்றன. இன்ஸ்டாகிராம் வளரிளம் பெண்களில் ஒரு பகுதியினருக்குத் தம் உடல் பற்றிய மனவேதனையை மிகுவிக்கிறது என்று அதனை நடத்தும் நிறுவனத்தின் உள்ளாய்வே கண்டிருந்தது, 2021இல் வெளிவந்த ஆவணங்களால் தெரியவந்தது.

6. ஆறுதலும் சரக்கானது

இவ்வரலாற்றின் பிற்பகுதி மிக நுட்பமானது. காயத்தை விற்ற கைகளே பிறகு கட்டுத்துணியையும் விற்க வந்தன.

தன்னைப் பேணுதல் என்ற கருத்து வணிகரிடம் தோன்றியதன்று. 1971இல் செவிலியர் கல்வியாளர் டோரதியா ஓரெம் எழுதிய நூல், நோயாளி தன் நலத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை வளர்ப்பதே செவிலிப்பணியின் இலக்கு என விளக்கிற்று. 1988இல் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோயோடு போராடிக்கொண்டே, தன்னைப் பேணுவது தன்னலமன்று என எழுதினார். கறுப்பினப் பெண்ணின் உயிரை மலிவாகக் கருதும் உலகில் உயிரோடிருக்க முயல்வதே எதிர்ப்பு என்பது அவர் பட்டறிவு. திருவிதாங்கூர்ப் பெண்களின் செயலோடு இதனை நாம் ஒப்பிடலாம்.

ஆனால் வணிகம் இச்சொல்லையும் தனதாக்கிக்கொண்டது. 1970களின் தொடக்கத்திலேயே லோரியால் நிறுவனத்தின் தலைச்சாய விளம்பரம், விலை மிகுதியாயினும் தான் அதற்குத் தகுதியுடையவள் என்று ஒரு பெண் கூறும்படி அமைந்தது. அதனை எழுதியவரும் ஓர் இளம்பெண். ஆண்களின் பார்வைக்காக அன்றித் தனக்காகப் பேசும் பெண்ணை அவர் படைக்க விரும்பினார். எனினும் பெண்ணின் தகுதி சாயப்புட்டியின் விலையோடு கட்டப்பட்டுவிட்டது. 2004இல் யூனிலீவர் நிறுவனம் டவ் என்னும் தன் பொருளுக்காக, எல்லா உடலும் அழகே என்ற பரப்புரையைத் தொடங்கியது. அதே நிறுவனக் குழுமம் நம் நாட்டில் சிவப்பழகு கிரீமை விற்றுக்கொண்டிருந்தது. இன்றோ மனச்சோர்வுக்கு முகப்பூச்சும், தனிமைக்கு வாசனைத் தைலமும், களைப்புக்கு அழகு நிலையமும் மருந்தாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.

அழகு நிலையத்தில் ஒரு மணி நேரம் இளைப்பாறுவது பாவம் என்று நாம் கூறவில்லை. அங்குப் பணிபுரிந்து குடும்பம் காக்கும் பெண்கள் நம் சபைகளிலும் உள்ளனர். அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1867இல் பிறந்த மேடம் சி. ஜே. வாக்கர், கூந்தல் தைல வணிகத்தால் கறுப்பினப் பெண்கள் பலருக்குத் தன்மானமுள்ள வேலையைக் கொடுத்ததையும் வரலாறு கூறுகிறது. நாம் கேட்பது வேறு. மனநலம் விலைகொடுக்க முடிந்தவர்க்கு மட்டுமே உரியதாகுமெனில், விலைகொடுக்க இயலாதவர் தம் துன்பத்துக்குத் தாமே பொறுப்பு என்றாகிவிடாதா? வெட்கத்தின்மேல் இன்னொரு வெட்கம் ஏற்றப்படாதா?

திருமறை காட்டும் வழி வேறு. சூரைச்செடியின்கீழ்ச் சாக விரும்பிய எலியாவுக்குத் தேவதூதன் கொண்டுவந்தது கண்டனமும் அன்று, அறிவுரையும் அன்று; சுட்ட அடையும் தண்ணீரும் (1 இராஜாக்கள் 19). அவர் உண்டு உறங்கி மீண்டும் உண்ட பின்னரே கடவுள் அவரோடு பேசினார். ஓய்வுநாளும் அவ்வாறே அடிமைக்கும் அந்நியனுக்கும் விலங்குக்கும் உரிய கொடை. விலையின்றிப் பெறும் ஓய்வைப் பற்றி அருளுரைக்கும் ஆயர் தாமே ஓய்வின்றி நலிந்துபோகும் நிலையும் இங்கு எண்ணத்தக்கது.

7. ஆயர் பணிக்குச் சில முடிவுகள்

முதலாவது, பெருமையையும் வெட்கத்தையும் பகுத்தறியக் கற்க வேண்டும். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் ஆதாமும் ஏவாளும் தம் நிர்வாணத்தைக் கண்டு வெட்கி இலைகளைத் தைத்துக்கொண்டனர். கடவுள் அவர்கள் மீறுதலை விசாரித்தார், இலைகளைப் பரிகசிக்கவில்லை. தோலாடை செய்து அவரே அவர்களை உடுத்தினார் (3:21). மீறுதலுக்குத் தீர்ப்பும் வெட்கத்துக்கு ஆடையும் என இரண்டுக்கும் வெவ்வேறு மறுமொழி அங்கு உண்டு. உடை களையப்பட்டு ஊர் காணச் சிலுவையில் தொங்கியவரைப் பற்றி, அவர் அவ்வெட்கத்தை ஒரு பொருட்டாக எண்ணவில்லை என எபிரெயர் நிருபம் (12:2) கூறுவதும் இதே வழியில் பொருள்கொள்ளத்தக்கது. வெட்கத்தைத் தாமே ஏற்றவர் வெட்கமுற்றோரைப் புறம்பே தள்ளார்.

இரண்டாவது, நோயை நோயாக அறிய வேண்டும். உணவை வெறுத்து உடலை மெலிவிக்கும் நோய்க்கு 1873இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் கல் பெயரிட்டார். சிறு குறையையோ இல்லாத குறையையோ எண்ணி எந்நேரமும் மறுகும் நோயை 1891இல் இத்தாலிய மருத்துவர் என்ரிக்கோ மொர்செல்லி விவரித்தார். இரண்டும் உயிருக்கே ஊறு விளைவிக்க வல்லவை. கண்ணாடி முன் மணிக்கணக்கில் நிற்றல் அல்லது கண்ணாடியை முற்றும் தவிர்த்தல், உண்டதை மறைவில் வெளியேற்றுதல், மீண்டும் மீண்டும் அறுவை மருத்துவம் நாடுதல், வீட்டைவிட்டு வெளிவர மறுத்தல், சாவைப் பற்றிப் பேசுதல் ஆகிய குறிகளைக் கண்டால் ஆயர் காலந்தாழ்த்தாது மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவைகளைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் கூறுகிறது. அவ்வுரிமையை எடுத்துச்சொல்வதும், உடன் செல்வதும், திரும்பி வந்தபின் கைவிடாதிருப்பதும் ஆயர் பணியே. ஜெபம் மருத்துவத்துக்குப் போட்டியன்று.

மூன்றாவது, சபையின் வழக்கங்களில் தொடங்க வேண்டும். மணமக்கள் தேவைக் குறிப்புகளை வெளியிடும் சபை இதழ்கள் நிறத்தைக் குறிக்கும் சொற்களை ஏற்க மறுக்கலாம். பெண் பார்க்கும் நிகழ்ச்சிக்கு ஆயர் இடைநிற்குமிடத்து, நிறத்தைச் சொல்லி மறுப்போரிடம் அம்மறுப்பின் பொருளை எடுத்துரைக்கலாம். கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மரியாளாகவும் தேவதூதராகவும் நிற்கச் சிவந்த பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை மாற்றலாம். ஞாயிறு பள்ளியில் பாவத்தைக் கற்பிக்கக் கறுப்புத் தாளன்றி வேறு வழிகள் உண்டு.

இவையெல்லாம் சிறியன போல் தோன்றலாம். ஆனால் வெட்கமும் இத்தகைய சிறு சொற்களாலும் சிறு தெரிவுகளாலுமே ஒரு சிறுமியின் உள்ளத்தில் குடியேறுகிறது. அவளுடைய அடுத்த வெட்கத்தை விலைக்கு விற்க ஒரு பெருவணிகம் ஆயத்தமாக உள்ளது. அதற்குமுன் அவளுடைய ஆயர் அவளிடம் என்ன சொல்லியிருப்பார், எவ்விடத்தில் அவளை நிறுத்தியிருப்பார் என்பதை நம் இறையியல் கல்லூரிகளின் ஆயர் பணி வகுப்புகள் இப்போதே கேட்கத் தொடங்குவது நலம்.